வெளிச்சம் பார்த்த முகம்

மகள் போனில் கேட்டாள். "அப்பா, அம்மாவின்ரை இளவயசுப் படம் ஒண்டு தாங்கோ. முப்பத்தோராம் நாள் கல்வெட்டிலை போடோணும்." இறந்தவரின் நினைவாக அச்சிடும் புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இல்லாமலா போகும் என்று பழைய பிஸ்கற் ரின்னைத் திறந்தேன். நெகட்டிவ்களின் புளித்த வாடை மூக்கில் ஏறியது.

அந்த வாடை எழுபதுகளின் கல்லுண்டாய் வெளிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் போவோம், கரியரில் என் மனைவி. மாரி மேகத்தையும் வெளியையும் ஒரே படத்தில் பிடிக்காமல் விடுவதில்லை என்று எனக்கொரு வைராக்கியம். வானத்துக்கு வெளிச்சம் அளந்தால் நிலம் கரி. நிலத்துக்கு அளந்தால் வானம் வெறும் வெள்ளை. கப்பலில் வேலைசெய்த சிநேகிதன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கண்ணாடி கொண்டுவந்தான். மேலே கறுப்பு, கீழே வரவரத் தெளிவு. லென்சுக்கு முன்னால் பிடித்தால் வானத்தின் கூச்சத்தை மட்டும் அடக்கும்.

நானோ மகா கெட்டிக்காரன்! அதை வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு முன்னாலும் பிடித்து அளந்தேன். மீட்டர் இருட்டென்று நம்பிவிட்டது. ஒரு முழுச் சுருள் வெளிறிப்போனது. கண்ணாடி இல்லாமல் நிலத்து வெளிச்சத்தை அளந்து கமராவில் வைத்துவிட்டுத்தான் கண்ணாடியைப் பிடிக்கவேண்டும் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. ஆனால் அந்த வெளியில் ஒரு பக்கம் உப்புப் பூத்த வெள்ளை, மறுபக்கம் கறுத்த சேறு. எதை அளப்பது? அவளுடைய மாநிற முகத்தை அளந்தேன்.

"இதிலை நில்லும். அசையாதையும்." மீட்டரை மூக்குக்குக் கிட்டப் பிடிப்பேன். "சரி, இனி அங்காலை தள்ளும்."

"வெளிச்சம் பாக்க மட்டும் என்ரை மூஞ்சை வேணும், படத்துக்கு வேண்டாமோ?"

"பிலிம் கிடைக்கிற கஷ்டத்திலை... பிறகு எடுப்பமப்பா."

சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பாள். பத்து வருடம் அப்படித் தள்ளி நின்றாள்.

இடம்பெயர்ந்த அன்று கலியாண அல்பத்தை விட்டுவிட்டு இந்த ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய மடையன் நான். நேற்று முழுக்க ஒவ்வொரு நெகட்டிவாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். மேகம் இருக்கிறது, சேறு இருக்கிறது, இரண்டும் அச்சொட்டாக வந்திருக்கின்றன. ஒன்றிலும் அவள் இல்லை.

ஆனாலும் விடவில்லை. நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்துப் படமாக்கி மகளுக்கு அனுப்பினேன்.

"அப்பா, இதிலை அம்மா எங்கை?"

"இடப்பக்கம், படத்துக்கு வெளியிலை நிக்கிறா. அவவின்ரை முகத்திலை அளந்த வெளிச்சம்தான் உந்த நிலம் முழுக்கக் கிடக்கு. உதையே போடு, பிள்ளை."

"ஓம் அப்பா," என்றாள் மகள்.

கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டது. மீட்டரை இன்று வெளியே எடுத்துப் பார்த்தேன். முள் இன்னும் அசைகிறது. அதைக் கிட்டப் பிடிக்கத்தான் முகமில்லை.