காரைப் பணிய வைச்ச மனுசன்

என்ரை வீட்டுக்காரர் வினோதனை மல்லாவியிலை தெரியாத ஆக்கள் இல்லை. வெல்டிங் கடை வைச்சிருக்கிறார். குடி இல்லை, வெறி இல்லை, கோயில் வேலையெண்டால் முன்னுக்கு நிப்பார். ஒரு விசர் மட்டும் இருந்தது. எங்கடை சின்னக் காரின்ரை உயரம் அந்தாளின்ரை கண்ணுக்குள்ளை குத்திக்கொண்டே கிடந்தது.

"பார் கஜேந்தினி, சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவாலை கோழி புகுந்து போகும். உதிலையோ என்ரை தங்கச்சி கலியாணத்துக்குப் போறது?"

"கோழி போனால் போகட்டுமன். உங்களுக்கென்ன?" எண்டனான்.

கேட்டால்தானே! மற்றவை செய்யிற மாதிரி ஸ்பிரிங்கை கிரைண்டராலை வெட்டியிருந்தால் ஒரு பின்னேரத்து வேலை. அப்பிடி வெட்டினால் வாகனம் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளுமாம், வளைவிலை இழுக்குமாம். ஆறு மாசம் போனுக்குள்ளை தலையை விட்டுப் படிச்சார். கட்டையான, இறுக்கமான ஸ்பிரிங்கும் அதுக்குப் பொருந்துற ஷொக் அப்சோபரும் எடுப்பிச்சு, முன்னுக்கும் பின்னுக்கும் சமனா ஒண்டரை அங்குலம் இறக்கினார். பிறகு வவுனியாவுக்குக் கொண்டுபோய் சில்லு நேரா நிக்குதோ எண்டு பார்ப்பிச்சுக்கொண்டு வந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அண்டு தலையைக்கூட நேரா வாரி இழுக்காமல் வந்த மனுசன்!

பொய் சொல்லக்கூடாது, கார் அருமையா ஓடினது. வளைவிலை ஒரு ஆட்டம் இல்லை. கலியாணத்துக்கு முதல் கிழமை நாலு நெல்லு மூட்டையை சீற்றிலை ஏத்தினார். மூட்டைக்கு ஒரு ஆள் கணக்காம். பள்ளிக்கூடத்தடி வேகத்தடையாலை ஏத்தி இறக்கிப் பார்த்தார். அடி முட்டேல்லை, ஒரு விரல்கடை இடம் மிச்சம்.

அந்த வேகத்தடையைப் பற்றியும் சொல்லவேணும். மண் ஏத்துற டிப்பர் லொறியள் பிள்ளையளைப் பாராமல் பறக்குதுகள், வேகத்தடை வேணும் எண்டு வீடு வீடாக் கையெழுத்து வாங்கினது இவர்தான். நாலங்குலத்துக்கு அனுமதி வந்தது. "நாலங்குலம் டிப்பருக்குக் காணாது" எண்டு ஆறங்குலமாப் பூசினதும் இவர்தான். டிப்பருகள் அதுக்கு மேலாலையும் பறந்ததுகள். எல்லாத்திலும் மோசம் சுதாகரன்ரை டிப்பர். ரெண்டு வருசமா அவனோடை இவருக்குக் கதை பேச்சில்லை.

கலியாணத்தண்டு மற்ற வாகனமெல்லாம் சனத்தை ஏத்திக்கொண்டு முன்னமே கோயிலுக்குப் போயிட்டுது. மணப்பெண், மச்சாள் யதுர்ஷிகா சோடிச்சு வந்து காரிலை ஏறினாள். தோழி, மாமி, நான். கணக்குச் சரி, நாலு மூட்டை. அப்பதான் இராசமலர் பெரியம்மா இடுப்பிலை பேரப்பிள்ளையோடை வந்து நிக்கிறா. "நான் இல்லாமல் பெண் கோயிலுக்குப் போறதோ?" பின்னாலை ஒம்பது பலகாரத் தட்டு, ஒரு வாழைக்குலை. கலியாண வீட்டிலை ஏறாதேங்கோ எண்டு ஆருக்குச் சொல்லலாம்? நெல்லு மூட்டை கோபிக்காது, பெரியம்மா கோபிப்பா. இவரே கதவைத் திறந்துவிட்டார்.

வேகத்தடையிலை முன்சில்லு ஏறி இறங்கினது. பிறகு 'கடார்' எண்டொரு சத்தம். அடியிலை எஞ்சின் ஒயில் தட்டு வெடிச்சு, ஒயில் றோட்டிலை ஓடுது. முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம் இருக்கு, கோயில் மூண்டு மைல். பட்டு வேட்டியோடை இவர் காருக்குக் கீழை படுத்திருக்கிறார்.

"அண்ணா, நேரம் போகுது" எண்டு யதுர்ஷிகா அழத் தொடங்கிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுசன்ரை காலைப் பிடிச்சு வெளியாலை இழுத்திருப்பன்.

பின்னாலை ஒரு கோர்ண் சத்தம். பார்த்தால் சுதாகரன்ரை டிப்பர்! இவர் தலையைத் தூக்கேல்லை. நான்தான் போனனான்.

"தம்பி, கோயிலடி மட்டும்..."

"ஏறுங்கோ அக்கா. இண்டைக்கு மண் ஏத்தேல்லை, பெட்டி கழுவினது."

காரை ஓரமாத் தள்ளினம். பெண்ணும் தோழியும் நானும் முன்னுக்கு. மாமி, பெரியம்மா, பேரன், பலகாரம், இவர், எல்லாம் பின்பெட்டிக்குள்ளை. ஒம்பது தட்டையும் வெறும் பெட்டியிலை வைச்சுக்கொண்டு இந்தப் பறக்கிறவனோடை போறமே எண்டு மச்சாளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டன்.

அதே வேகத்தடை முன்னுக்கு வந்தது. சுதாகரன் பிறேக் பிடிச்சான். கியரைக் குறைச்சு, ஒரு சில்லு, மற்றச் சில்லு எண்டு மெல்ல மெல்ல ஏத்தி இறக்கினான். யதுர்ஷிகாவின்ரை தலையிலை ஒரு பூ ஆடேல்லை.

பின்பெட்டியிலை இருந்து இவற்றை குரல் கேட்டது. ரெண்டு வருசத்துக்குப் பிறகு சுதாகரனோடை பேசின முதல் கதை.

"அப்ப உன்னாலை மெதுவாவும் ஓடேலுமோடா?"