இருபது வரை எண்ணுகிறவர்

தராசில் எரியும் எண்ணை இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் எடைக்காரம்மா ஒவ்வொருவரையும் அதில் ஏறச் சொல்கிறார். இரண்டு விரல்களை மட்டும் சற்று விலக்கிப் பார்ப்பார், தாளில் குறிப்பார், தாளை மடித்து பைலட்டிடம் கொடுப்பார். வரிசையில் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏறியவரே கேட்டால்கூட, "சரியாத்தான் இருக்கு, இறங்குங்க" என்பதோடு சரி.

விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது மைதானத்தில் இந்த வேலை தொடங்கிவிடும். ஒரு பக்கம் பெரிய மின்விசிறி இரைந்துகொண்டு பலூனுக்குள் காற்றை நிரப்பும். அந்தக் காற்றைச் சூடாக்கும் பர்னர் பற்றும்போதெல்லாம் எல்லார் முகமும் ஒரு கணம் சிவந்து அணையும். மைதானத்துக்கு அப்பால், மூவாயிரம் ஆண்டுக்கு முன் மக்கள் கைவிட்டுப்போன நகரம் இருட்டில் கிடக்கும். சூரியன் எழும் நேரத்தில் அதன் தூண்களுக்கு மேலே மிதப்பதற்காகத்தான் இவ்வளவு பேரும் குளிரில் நிற்கிறார்கள்.

சரக்குக் கிடங்கொன்றில் பதினோரு ஆண்டு மூட்டைகளை எடை போட்டுவிட்டு இங்கே வந்தவர் எடைக்காரம்மா. ஆள் நடந்து வரும்போதே கணக்கு போட்டுவிடுவார். ஒரு கிலோ முன்பின் இருந்தால் அதிகம். "மூட்டைங்க தேவல. பொய் சொல்லாது" என்பார். தொந்தியை எக்கிக்கொண்டு ஏறுகிறவரிடம், "மூச்ச விடுங்க சார், உள்ள இழுத்தாலும் உங்க வயிறு உங்ககிட்டதான இருக்கு" என்பார், முகத்தில் சிரிப்பில்லாமல்.

எடை முடிந்ததும் பெஞ்சு. தரையோடு ஒட்டின தாழ்ந்த பெஞ்சு. எதிரே இரண்டு கயிற்றுப் பிடிகள். பலூன் இறங்கும்போது கூடை தரையில் மோதும், சில நாள் சாய்ந்து இழுபடவும் செய்யும். அப்போது முழங்காலை மடக்கி, முதுகைச் சாய்த்து, பிடியை விடாமல் இருக்க வேண்டும். அதே போல இங்கே உட்காராமல் குந்தி நிற்கச் சொல்லி, அவர் இருபது வரை எண்ணுவார். தாங்கினால் கூடை. தாங்காவிட்டால் வீடு.

அவர் எண்ணுவது மெதுவாக இருக்கிறது என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள். "அக்கா இருபது எண்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்" என்று கயிறு பிடிக்கிறவன் கேலி செய்வான். முன்பு அவர் இப்படி எண்ணியதில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், இதே பெஞ்சில் கால் நடுங்க நின்றார். "வாழ்நாள் பூரா இந்த ஊரப் பத்தித்தாம்மா பாடம் நடத்தினேன்" என்றார். எடைக்காரம்மா பன்னிரண்டிலிருந்து இருபதுக்குத் தாவினார். இறங்கும்போது பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். வெள்ளிக்கிழமைகளில் பார்க்கப் போன எடைக்காரம்மாவிடம், "மேல ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னாராம்.

போன வாரம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் நிரப்பிய படிவத்தில் மனைவியின் எடை ஐம்பத்தெட்டு. அவள் தராசில் ஏறினாள். எடைக்காரம்மா விரல்களை விலக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அவள் கழுத்தையும், தலையை இறுக்கிக் கட்டியிருந்த துணியையும் பார்த்தார்.

"எவ்வளவுங்க?"

"சரியாத்தான் இருக்கு. இப்படி வாங்கம்மா."

பெஞ்சில் அவள் பிடிகளைப் பற்றினாள். எடைக்காரம்மா எண்ணினார். எட்டில் அவள் உதடு வெளுத்தது. "கொஞ்சம் சீக்கிரம் எண்ணுங்களேன்" என்றான் கணவன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தியது போலிருந்தது. பின்னால் மின்விசிறி இரைந்தது. பதின்மூன்று என்றார், அதே மெதுவோடு. பதினான்கில் அவள் முழங்கால் விட்டுவிட்டது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா இந்த ஒண்ணுக்காகத்தான் இவ சாப்பிடறா, மாத்திர முழுங்கறா" என்றான் கணவன். குரல் தாழ்ந்தது. "இதுக்கு மேல அவளுக்கு என்னங்க ஆயிடப் போகுது?"

"எலும்பு முறிஞ்சா மிச்சம் இருக்கற நாளும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல போயிடும் சார். நான் பாத்திருக்கேன்."

அவன் ஏதோ கத்த வாயெடுத்தான். மனைவி அவன் கையைப் பிடித்தாள். "அவங்கள ஏன் திட்டறீங்க. நீங்க போயிட்டு வாங்க."

"நீ இல்லாமயா?"

"பழகிக்க வேணாமா?" என்றாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "ரெண்டு பேரும் கீழ உக்காந்துக்கிட்டா யாரு வந்து எனக்குக் கதை சொல்றது? போங்க" என்று தள்ளிவிட்டாள்.

கூடையின் நான்கு அறைகளிலும் பாரம் சமமாக இருக்க வேண்டும். ஒருவர் குறைந்தால் அந்த இடத்துக்கு மணல். எடைக்காரம்மா பத்துக் கிலோ பைகள் நான்கை எடுத்துக் கொடுத்தார். "போதும்மா" என்றார் பைலட். அது அவர் காதில் விழவில்லை. சரியாக இருந்தே தீர வேண்டும் அவருக்கு. ஒரு கிலோ பை ஒன்றையும் தேடிக் கொண்டுவந்து வைத்தார். கணவனுக்குப் பக்கத்தில், அவள் நிற்க வேண்டிய இடத்தில்.

பெஞ்சிலிருந்தபடி அவள் அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொண்ணா நான்?"

எடைக்காரம்மா இத்தனை ஆண்டில் யாருக்கும் சொல்லாததை மணல் பைகள் சொல்லிவிட்டன.

பலூன் எழுந்தது. கணவன் கீழே பார்த்துக் கையசைத்தான். இன்னொரு கை பைகளின் மேல் இருந்தது. அவள் எழுந்துகொண்டதும் ஆட்கள் பெஞ்சையும் அங்கே கிடந்த நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பலூன் இறங்கும் இடத்துக்கு விரட்டிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் இவர்கள் இருவரும் தராசும்தான். கிழக்கு வெளுத்து, இடிந்த சுவர்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. நிற்க முடியாமல் அவள் தராசின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கண் வானத்தில் இருந்தது.

அவள் தலைக்குப் பின்னால் எண் சிவப்பாக எரிந்தது. பார்க்க ஒருவரும் இல்லை. எடைக்காரம்மா நெருங்கி வந்து இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். பலூன் தூண்களைத் தாண்டி மறையும் வரை எடுக்கவில்லை.