விடாக்கண்டியும் ஒரு விடுதிக் கட்டிலும்

என் மனைவிக்கு நான் வைத்த பெயர் விடாக்கண்டி. கல்யாணமான புதிதில் ஏதோ கோபத்தில் வைத்தது. அவளானால் அதைப் பட்டம் வாங்கியதுபோல் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

முன்பு அவள் ஒரு கூரியர் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஊரே அவளைப் பிடித்துத் திட்டும். "சரிங்க, பாத்துட்டுத் திரும்பக் கூப்பிடறேன்" என்பாள். அந்த வேலையில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். இவள் நிஜமாகவே திரும்பக் கூப்பிடுவாள். பார்சல் கைக்கு வந்து, அந்த ஆள் திட்டினதையே மறந்து நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டு, "கிடைச்சுதுங்களா?" என்று கேட்பாள். சிலர் அதற்கும் திட்டுவார்கள்.

இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அறக்கட்டளைக்காரர்கள் அவளை வேலைக்கு எடுத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் நூல் ஆலை வைத்துச் சம்பாதித்த ஒரு குடும்பம் ஆரம்பித்த அறக்கட்டளை அது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட நாலு பேர் வருவார்கள், கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வருஷம் அந்தப் பிள்ளை சத்தமில்லாமல் நின்றுபோனால் ஏனென்று கேட்க நாதி இருக்காது. இவர்களுடைய வேலை சேர்ந்த பிறகுதான் தொடங்கும். படிப்பை முடிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மனைவி வாரம் தவறாமல் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட வேண்டும். யாருக்குப் பாடம் புரியவில்லை, யாருக்குக் கண்ணாடி வேண்டும், யாருக்கு பஸ் பாஸ் முடிந்துவிட்டது என்று கண்டுபிடித்து ஏற்பாடு செய்ய வேண்டும். பணம் மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கவே மாட்டார்கள். எதுவானாலும் அந்தப் பிள்ளையின் பெயரில் கல்லூரிக்கே கட்டிவிடுவார்கள், கல்லூரி வாங்கிக் கொடுக்கும். கையில் கொடுத்தால் வீட்டுச் செலவு விழுங்கிவிடுகிறதாம். நியாயம்தானே என்று நானும் தலையாட்டியவன்தான்.

நான் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். கடையை மூடிவிட்டு அவளைப் பிள்ளைகள் வீட்டுக்கும் கல்லூரிக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்விடும் சம்பளமில்லாத டிரைவரும் நான்தான். எதற்கெடுத்தாலும் எனக்குச் சுர்ரென்று வரும். அவளுக்கு வரவே வராது. அதனால்தான் குடும்பம் ஓடுகிறது.

பிள்ளைகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது அறக்கட்டளையின் கட்டளை. அதற்காக வீட்டில் பேசாமல் இருக்க முடியுமா அவளால்? ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிட்டாள். அப்படித்தான் கணக்குப்புள்ளையை எனக்குத் தெரியும்.

கணக்குப்புள்ளை ஒரு பெண். புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். வீடு ஒரே அறை. அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் கிடந்தார். திருப்பிப் போடவே இரண்டு பேர் வேண்டும். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டுத் தொழிற்சாலைக் கையுறை தைப்பாள். தங்கை ஒருத்தி பள்ளிக்கூடத்தில். அந்த அறையில் யார் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் கையில் ஒரு கையுறை வந்து விழும்.

மார்க்கைப் பார்த்துக் கல்லூரியே ஃபீஸைத் தள்ளுபடி செய்திருந்தது. அதைவிடப் பெரிது, விடுதியில் ஓர் இலவசக் கட்டில். வெளியிலிருந்து எந்த உதவியும் வராத பிள்ளைகளுக்கென்று அங்கே கொஞ்சம் கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டும் இருந்ததால் அவளுக்கு அறக்கட்டளையிலிருந்து பணமாக எதுவும் போனதில்லை. என் மனைவியின் போன் மட்டும்தான்.

"அக்கா, எனக்கு இந்தக் கட்டில் போதும்க்கா. வீட்டுக்குப் போயிட்டா நான் திரும்பி வர மாட்டேன்" என்று ஒருமுறை சொன்னாளாம்.

"ஏன்டி, அம்மா விட மாட்டாங்களா?"

"அம்மா படிக்கப் போன்னுதான் சொல்லுவாங்க. எனக்குத்தான் கால் வராது."

இரண்டாம் வருஷ நடுவில் அவளுடைய லேப்டாப் செத்துப்போனது. யாரோ போட்டுத் தேய்த்துக் கொடுத்த பழசு. அது இல்லாமல் அவள் படிப்பில் செய்முறைத் தேர்வே கிடையாது. என் மனைவி சும்மா இருப்பாளா? அவசர நிதியிலிருந்து வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அறக்கட்டளை மேலாளர் நல்ல மனுஷன். கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி பணம் கணக்குப்புள்ளையின் பெயரில் கல்லூரிக்குப் போனது. புது லேப்டாப்பும் வந்தது. அன்றைக்கு எனக்கு வீட்டில் ராஜ உபசாரம்தான். பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு காலை. நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் போனில் ஒரு கீச்சுக்குரல் எனக்கே கேட்டது.

"அக்கா! கட்டில் கிடைச்சிருச்சுக்கா! வார்டன் இப்பதான் கூப்பிட்டாங்க!"

அது பஸ்காரி. என் மனைவி வாராவாரம் கூப்பிடும் இன்னொரு பிள்ளை; இவளுக்கும் பணமாக எதுவும் போனதில்லை. மூன்று பஸ் மாறி அதே கல்லூரிக்கு வந்து படிக்கிறவள். அவள் தங்கியிருந்த மாமன் வீட்டில் குடித்துவிட்டு நடக்கும் கூத்துக்கு, அந்தப் பெண் பஸ்ஸில்தான் நிம்மதியாகத் தூங்குவாளாம். ஒரு கட்டில் காலியானால் பஸ்காரிக்குத்தான் என்று வார்டனிடம் என் மனைவி மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள்.

"பாத்தீங்களா! விடாக்கண்டின்னு சொன்னீங்களே!" என்று என் தோளில் ஓர் அடி வைத்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கட்டில் எப்படிக் காலியானது என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மதியம் கணக்குப்புள்ளை கூப்பிட்டாள். "அக்கா, என்னைக் காலி பண்ணச் சொல்றாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியலை."

கடையைப் பாதியில் மூடிவிட்டுப் போனோம். கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"வெளி உதவி வந்துருக்குங்க. வந்துட்டா இலவசப் பட்டியல்லேருந்து தானா எடுத்துரும்."

"அது லேப்டாப்புக்குக் கட்டினதுங்க!"

"இருக்கலாம்மா. எதுக்குன்னு அது கேக்காது. வந்துச்சா இல்லையான்னுதான் பாக்கும்."

"அப்ப நாங்க திருப்பி எடுத்துக்கறோம். லேப்டாப்பையும் குடுத்துடறோம்."

"எடுத்தாலும் வந்ததாத்தாங்க இருக்கும்" என்றார் பாவமாக. அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. மனுஷனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். பட்டியலின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது?

காசு கட்டித் தங்கும் கட்டில்களும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. என் மனைவி வார்டனைத் தேடி ஓடினாள். வார்டன் அம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீங்க கேட்ட பொண்ணுக்குத்தானேம்மா குடுத்தேன்? உங்க தொல்லை தாங்காமத்தான் அவ பேரை முதல்ல வச்சிருந்தேன். இப்ப வந்து எடுங்கன்னா எப்படி எடுப்பேன்?"

என் மனைவிக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துப்போனது. எனக்கும்தான். பஸ்காரியின் கட்டில் வேறெதுவும் இல்லை, கணக்குப்புள்ளையின் கட்டில்தான்.

அந்தக் கட்டில் இருந்த அறையின் கதவு திறந்திருந்தது. பஸ்காரி படுக்கை விரிப்பை நாலு மூலையிலும் இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். என் மனைவியைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, பாருங்க, ஜன்னல் பக்கம்! எல்லாம் உங்களாலதான்!"

"நல்லா இருக்கும்மா. நல்லாத் தூங்கு" என்றாள் என் மனைவி. வேறென்ன சொல்வாள், சொல்லுங்கள்.

கணக்குப்புள்ளை மாடிப்படிக்குக் கீழே ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்து, குழந்தையைப் பிடித்ததுபோல் பிடித்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா. பாவம், தூங்காம கெடந்தவ" என்றாள்.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அறக்கட்டளை வெளியே அறை எடுத்துக் கொடுக்கக் கூடாது, அது அவர்களுடைய விதி. விதியை மாற்றப் பெரியவர்கள் எல்லோரும் கூடி உட்கார வேண்டும். அவர்கள் வருஷக் கடைசியில்தான் கூடுவார்கள்.

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு படிப்பு போயிரும் சார்."

"தெரியுதும்மா" என்றார் அவர். தெரிகிறது, தெரிகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும்தான் தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் கிடந்த மோட்டார், காயில், ஓட்டை டிரம் எல்லாவற்றையும் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டேன். அறையைக் கழுவிவிட்டேன். ஒரு கட்டில் போட இடம் வந்தது.

"அந்தப் புள்ளைய இங்க கூட்டிட்டு வா. ஒரு விதியும் வேணாம், மண்ணும் வேணாம்."

அவள் ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அதையும் மேலாளர்கிட்ட கேட்டுட்டேங்க. வேலை பாக்கறவங்க வீட்டுல பிள்ளைங்களைத் தங்க வைக்கக் கூடாதாம். வச்சா என்னை எடுத்துருவாங்க."

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க! இந்த வேலை போனா சோறு கிடைக்காதா நமக்கு?"

"நமக்குக் கிடைக்கும். மத்த பிள்ளைங்களை யாருங்க கூப்பிடுவா?"

 வழக்கமாக இந்த இடத்தில் கத்துவேன். அன்றைக்குத் துடைப்பத்தை எடுத்து ஈரத்தைத் தள்ளினேன்.

கணக்குப்புள்ளைக்கு பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தோம். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்ச நாள் அவளும் விழுந்தடித்துக்கொண்டு வந்துபோனாள். பிறகு காலை வகுப்பு தவறியது. அப்பாவைத் துடைத்துவிட்டு வர நேரமாகிவிட்டதாம். அப்புறம் மதிய வகுப்பும் தவறியது. கையுறை கொடுக்க வேண்டிய கெடு. விடுதியில் இருந்தபோது போனில் இழுத்து இழுத்துக் கதை பேசுகிறவள், "ம், சரிக்கா, வரேன்க்கா" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்கும். ஒருநாள் அந்தச் சத்தம் போனுக்கு வெகு பக்கத்தில் கேட்டது. தைப்பது அவள்தான் என்று என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. பிறகு போனையே எடுக்கவில்லை. இவளும் விடவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை பேர் திட்டியும் கலங்காதவள், மணி அடித்து அடித்து நின்றுபோகும்போது போனைப் பார்த்து அழுதாள்.

தேர்வெல்லாம் முடிந்துபோன பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனோம். செல்லும் வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று என் முதுகுக்குப் பின்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

அறைக்குள் இரண்டு மெஷின் இருந்தது. அம்மா ஒன்றில், கணக்குப்புள்ளை ஒன்றில். எங்களைப் பார்த்ததும் அவள் எழுந்து, துணிக்கட்டை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள். முகத்தில் கோபதாபம் எதுவுமில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட நாங்கள் வாங்கிக்கொண்டு வந்திருப்போம்.

"அடுத்த வருஷம் மறுபடி சேந்துக்கலாம்டி. நான் பேசறேன்" என்றாள் என் மனைவி.

"பாக்கலாம்க்கா. லேப்டாப்பை நீங்க எடுத்துட்டுப் போயிருங்க, வேற யாருக்காவது ஆகும். இங்க பஞ்சுத் தூசி அடைஞ்சிரும்" என்று துணியில் சுற்றிவைத்திருந்ததை எடுத்து நீட்டினாள்.

படுக்கையிலிருந்து அப்பா முனகினார். தாயும் மகளும் பேசிக்கொள்ளாமலேயே எழுந்து போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார்கள். பழகிய கைகள். என் மனைவி எழுந்து உதவப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா சின்னவளை முன்னால் தள்ளிவிட்டாள். பள்ளி முடித்த மார்க்கை அந்தப் பெண் வெட்கத்தோடு சொன்னாள். அக்காவைவிட அதிகம்.

"இவளையாவது உங்க ட்ரஸ்ட்டுல சேத்துக்கணும்மா. அதே காலேஜுக்கு எழுதிப் போட்டிருக்கோம். பெரியவ இங்க இருக்கா, நான் சமாளிச்சுக்குவேன். வாரா வாரம் போன் பண்ணி விசாரிக்க உங்களை மாதிரி யாரும்மா இருக்கா?"

  என் மனைவி அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

கணக்குப்புள்ளை வாசல் வரைக்கும் எங்களோடு வந்தாள். தங்கைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, என் மனைவியின் மனம் நோகக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, வாரா வாரம் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்க. ஆனா அவளுக்குக் கட்டில் கிடைச்சிருச்சுன்னா, அவ பேர்ல எதுவும் கட்டிடாதீங்கக்கா. என்னதான் அவ கேட்டாலும், எதுவும் வாங்கிக் குடுக்காதீங்க."

"சரிம்மா" என்றாள் என் மனைவி.