குளுசைக்கும் கழா

எங்கள் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவருக்கு, என் மச்சானுக்கு, வலிப்பு. கல்முனை டொக்டர் ஒருவர் பினோபார்பிட்டோன் குளுசை எழுதிக் கொடுத்திருந்தார். காலை, பகல், இரவு என்று ஒவ்வொன்று. எண்பதுகளில் எங்கள் பக்கம் வலிப்புக்கு அதுதான் மருந்து. அதை விழுங்கிக்கொண்டு மனிதர் நாவிதன்வெளியில் வயலும் செய்தார், ராத்தாவோடு சண்டையும் பிடித்தார்.

நோன்பு வந்தது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியும் மச்சான் கேட்கவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடும் நோன்பு திறந்த பிறகும் குளுசை போட்டார். பகல் குளுசையை மட்டும் போத்தலிலேயே விட்டார். பாதி நோன்பு போனதும் மனம் உறுத்தியிருக்கிறது. தவறிய தொழுகையைப் பிறகு தொழுவதைக் கழா என்போம். குளுசைக்கும் அதே சட்டம்தான் என்று தானே பத்வா கொடுத்து, விட்டுப்போன பகல் குளுசைகள் அத்தனையையும் ஒரேயடியாக நோன்பு திறக்கும் கஞ்சியோடு விழுங்கிவிட்டார்.

அன்று இரவு பள்ளியில் தராவீஹ் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதுக்குப் போனவர் எழும்பவில்லை. நாங்கள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தும் அவர் நெற்றி பாயிலேயே இருந்தது. எப்போதும் பாதித் தொழுகையில் செருப்பைத் தேடுகிற மனிதர். பக்கத்தில் இருந்தவர்கள் நெகிழ்ந்து போனார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். எழுப்பப் போன என் கையை இன்னொருவர் தட்டிவிட்டார்.

“அவர் அல்லாவோட கதைக்கிறார். குழப்பாத.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறட்டை விட்டுக்கொண்டா கதைப்பது? குனிந்து கேட்டேன். அந்தக் குறட்டையும் இடையிடையே நின்று நின்றுதான் வந்தது. புரட்டிப் பார்த்தால் உதடு கறுத்திருந்தது.

உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டொக்டர் ஏசிக்கொண்டே வேலை பார்த்தார். இந்தக் குளுசை மூளையை அமர்த்துவது, அளவோடு போட்டால் வலிப்பு அடங்கும், கூடினால் மூச்செடுக்கச் சொல்லும் இடமும் சேர்ந்து அடங்கிவிடும் என்றார். பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தினாலும் வலிப்பு முன்னைவிட மோசமாக வருமாம். ஆள் தப்புமா என்று ராத்தா கேட்டதற்கு, மச்சானின் மூக்கிலிருந்த ஒட்சிசன் குழாயைச் சரிசெய்தார்.

ஒருவழியாக மச்சான் கண் திறந்தார். திறந்ததும், எத்தனை வக்துத் தொழுகை தவறியது, கழாச் செய்ய வேண்டும் என்றார். கட்டில் ஓரத்தில் இருந்த ராத்தா சொன்னார்:

“தொழுகைக்குக் கழா இரிக்கி. மூச்சுக்கு இல்ல.”

வீட்டுக்கு வந்த மறுநாள் பகல், ஊரே நோன்போடு இருக்க, ராத்தா குசினிக் கதவைச் சாத்திவிட்டு ஒரு குளுசையையும் தண்ணீரையும் நீட்டினார். மச்சான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதழுது விழுங்கினார். வெளியே யாரோ அவருடைய சுஜூதைப் புகழ்ந்துகொண்டு போனார்கள்.