எட்டாவது வீட்டுக்கு வராத பக்கம்

மலாக்கா காஜா பெராங் தெருத் தையல்காரி பூங்காவனத்துக்கு யாரும் நினைவு மலர் வெளியிடப் போவதில்லை. சங்கத் தலைவர்களுக்கும் கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் மலர் போட்டே ஊரில் தாள் தீர்ந்துவிட்டது. அதனால் நான் எழுதுகிறேன். முப்பத்தாறு வயதில் படக்கதை படிக்கிறாளே என்று அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. எங்கள் வரிசையில் எட்டு வீடுகள் சேர்ந்து, மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் வார இதழ் ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தோம். அதற்கு வாசகர் சங்கம் என்று பெயர் வேறு. இதழ் ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும், மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும். முதல் வீடு சங்கச் செயலாளர் சேதுராமனுடையது. ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கெழுதும் குமாஸ்தாக்களுக்கு மேலே தலைமைக் கிராணியாக இருந்தவர். நாலாவது வீடு எங்களுடையது. ஏழாவது பத்மினியின் வீடு. அவள் மலாக்கா செட்டிப் பெண், பேச்செல்லாம் மலாய், தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. படக்கதையின் படங்களைப் பார்ப்பதற்காகவே பங்கு கொடுத்துச் சேர்ந்தவள். எட்டாவது பூங்காவனம்.

எட்டாவது இடத்தை யாரும் விரும்பவில்லை. இதழ் அங்கே போய்ச் சேர்வதற்குள் அட்டையில் எண்ணெய்க் கறை ஏறியிருக்கும், கதை முழுவதும் தெருவில் சிந்தியிருக்கும். குழாயடியில் யாராவது, "இந்த வாரம் பாத்தீங்களா, அந்த வியாபாரி செத்துட்டான்" என்று ஆரம்பித்தால் பூங்காவனம் குடத்தை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். ஆனால் எட்டாவது இடத்தைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். சேதுராமனின் மனைவி கோகிலா, ரவிக்கை தைத்துக் கொடுத்த நன்றிக்காக இரண்டாவது இடத்தையே வாங்கித் தருவதாகச் சொன்னாள். பூங்காவனம் வேண்டாம் என்றுவிட்டாள். காரணம், சங்க விதிப்படி கடைசி வீட்டுக்கு இதழ் சொந்தம்.

"கடைசியில படிச்சு என்னக்கா லாபம், பழசைத்தானே படிக்கிறீங்க?" என்று ஒரு முறை கேலியாகக் கேட்டேன்.

"நீங்கள்லாம் படிச்சிட்டுக் குடுத்துடுறீங்க தங்கச்சி. எங்கிட்ட வந்தா தங்கும்" என்றாள்.

தெங்கேரா போகும் சாலையில் சீனர் ஒருவர் கயிற்றில் படப் புத்தகங்களைத் தொங்கவிட்டு, பெஞ்சு போட்டு, வாடகைக்குப் படிக்க விடுவார். பூங்காவனம் அங்கும் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். படித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டு வரவேண்டும் என்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. "இருக்கிற வீடும் வாடகை, படிக்கிற கதையும் வாடகைன்னா எப்படி லா?" என்றாள். ஒவ்வொரு வாரமும் இதழிலிருந்து படக்கதைப் பக்கத்தை அளவெடுத்து வெட்டுவாள். கதை முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி, தையல் மெஷினில் பெரிய தையலாக வைத்து ஓட்டி, பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துணியில் அட்டை போடுவாள். அப்படி ஏழு புத்தகங்கள் அவளிடம் இருந்தன. துணி கொடுக்க வருகிறவர்கள் அவற்றைத் தொடவேண்டும் என்றால் முதலில் கையைக் கழுவ வேண்டும். கிராணியாருக்கும் அதே சட்டம்தான். அவருக்கு அது பிடிக்கவில்லை.

எட்டாவது புத்தகம் ஆகவேண்டிய கதை துறைமுகத்து வேம்புவின் கதை. வேம்புவின் புருஷன் ஒரு மாலுமி. கப்பல் வாங்க ஆசைப்பட்டு அவளை ஒரு வியாபாரியிடம் அடகு வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அவள் வருஷக்கணக்கில் முத்துக் குளித்துத் தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறாள். ஐம்பத்தொன்றாவது வாரத்தில் அவளுடைய ஒரு கால் கப்பல் பலகைமேல் இருக்கிறது. பின்னால் கரையில் புருஷன் மாலையோடு நின்று கூப்பிடுகிறான். அடுத்த வாரம் முடியும் என்று போட்டிருந்தார்கள்.

பூங்காவனத்தின் புருஷனும் உயிரோடுதான் இருந்தான், ஜாசின் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டத்தில். அவள் தாலிச்சங்கிலியைச் சூதாட்டத்தில் விட்டவன். கேட்டதற்குக் கையை ஓங்கினான். அவள் தையல் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். சேதுராமன் இரண்டு தடவை சமாதானம் பேச வந்தார். இரண்டாவது தடவை, "நாடே புதுசாப் பொறக்கப் போகுது பூங்காவனம். நீயும் பழசை மறந்துட்டுப் போய்ச் சேரு" என்றார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நாடு வெள்ளைக்காரனை அனுப்பிட்டுத்தான பொறக்குது" என்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகஸ்டு மாதம் தெருவெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஐம்பத்திரண்டாவது இதழ் வந்தது. நாலாவது நாள் எங்கள் வீட்டில் அதைப் பிரித்தேன். படக்கதை இருக்கவேண்டிய தாள் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் பல்லிளித்தது. மூன்றாவது வீட்டுப் பையன் கை துறுதுறு, அவன் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டிலிருந்து ஏழு வரை எல்லாரும் இதையேதான் செய்திருக்கிறோம். முந்தின வீட்டுக்காரரைக் கேட்டால் மனஸ்தாபம் வரும் என்று அவரவர் முழுங்கிக்கொண்டோம். எங்கள் தெருவில் நாகரிகம் என்பதற்கு அதுதான் அர்த்தம்.

பூங்காவனம் முழுங்கவில்லை. இதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழாவது வீட்டில் ஆரம்பித்தாள். பத்மினி உதட்டைப் பிதுக்கி, "தாடா" என்று மலாயில் சொல்லிக் கையை விரித்தாள், தன்னிடம் வரும்போதே இல்லை என்று. ஆறு, ஐந்து, எங்கள் வீடு. பட்டப்பகலில் அளவு நாடா கழுத்தில் தொங்க வாசலில் நின்று, "நீ பாக்கும்போது இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "பின்னே ஏன் சொல்லல?" என்றாள். வெட்கமாக இருந்தது, அதனால் நானும் அவள் பின்னால் நடந்தேன். இப்படியே முதல் வீடு வரை போனோம்.

சேதுராமன் மறைக்கவில்லை. "நான்தான் எடுத்தேன். குடும்பப் பொம்பளைங்க படிக்கிற மாதிரி இல்ல. சங்கத்தோட நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"பக்கத்தைக் குடுங்க. நான் படிச்சுக் கெட்டுப்போறேன்."

"அடுப்புல போட்டாச்சு."

அவள் திரும்பி நடந்தாள். அழுதாள், நான் பார்த்தேன். ஒரு வருஷம் வாராவாரம் வெட்டி அடுக்கிய ஐம்பத்தொரு பக்கம் அவள் மேசையில் முடிவில்லாமல் கிடந்தது. மெட்ராஸுக்கு எழுதி வேறு பிரதி வாங்கலாமே என்றேன். "சங்கத்துப் பேர்லதான் அனுப்புவாங்க, அதுவும் மொதல்ல அவர் கைக்குத்தான் வரும்" என்றாள்.

மூன்று நாள் கழித்து, துணி வெட்ட அளவு போடும் பழுப்புத் தாளில் அவளே கடைசிப் பக்கத்தை வரைந்தாள். முதலில் சாக்குக்கட்டி, அதன்மேல் மை. வேம்புவின் உடம்பு பாவாடை அளவு போட்டது மாதிரி இருந்தது, கைகள் இரண்டும் ஒரே நீளத்தில் இல்லை. கப்பல் மட்டும் நன்றாக வந்திருந்தது. வேம்பு கப்பலில் நிற்கிறாள், பாய் விரிந்திருக்கிறது, கரையில் புருஷன் சுண்டுவிரல் அளவுக்குச் சின்னதாகத் தெரிகிறான். அதை அவள் சங்கத்துக்குள்ளேயே விட்டாள், எட்டாவது வீட்டிலிருந்து ஏழாவதுக்கு, அங்கிருந்து ஆறாவதுக்கு. ஒரு வீட்டில் ஒரு நாள். பத்மினி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பெத்தூல்" என்றாளாம், சரிதான் என்று. எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் அதை மூன்று தடவை பார்த்தேன்.

முதல் வீட்டுக்கு அது கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சேதுராமன் வீட்டுக் கூடத்தில் மாதக் கூட்டம். எட்டு வீட்டுப் பெண்களும் இருந்தோம். அவர் பழுப்புத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதைச் சங்கத்துல சுத்த விட்டது தப்பு. கதை இப்படி முடியல."

"எப்படி முடிஞ்சது, சொல்லுங்க கிராணியாரே" என்றாள் பூங்காவனம். "படிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"அதெல்லாம் இங்க சொல்ற விஷயமில்ல."

"நான் சொல்றேன். மாலையைப் போட்டுக்கிட்டுப் புருஷனோட வீட்டுக்குப் போயிருந்தா நீங்க கிழிச்சிருக்க மாட்டீங்க. கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டியிருப்பீங்க. நீங்க கிழிச்சீங்கன்னு கேட்டப்பவே எனக்கு முடிவு தெரிஞ்சுபோச்சு."

பத்மினி என் முழங்கையைச் சுரண்டி, பூங்காவனம் என்ன சொன்னாள் என்று கேட்டாள். நான் மலாயில் சொன்னேன். அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். சேதுராமன் முகம் கறுத்துப்போனது. இப்படி இஷ்டத்துக்கு முடிவு கட்டுவது எழுதியவனுக்கே துரோகம் என்று ஆரம்பித்தார்.

அப்போது காப்பித் தட்டோடு உள்ளேயிருந்து வந்த கோகிலா, தட்டை மேசையில் வைத்தாள். கூட்டங்களில் அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"இவங்க படிச்சப்ப நானும் பின்னால நின்னு பாத்தேன்" என்றாள், அவரைப் பார்க்காமல். "அவ கப்பல் ஏறிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. மாலை தண்ணியில கெடந்துச்சு."

சேதுராமன், "கோகிலா" என்றார். அவள் ஒவ்வொருவருக்காகக் காப்பியை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

பூங்காவனம் எழுந்து போய் அவர் விரலிலிருந்த தாளை எடுத்துக்கொண்டாள். செயலாளர் மேசையில் அதை விரித்து, அவருடைய பேனாவையே எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"தண்ணியில எந்தப் பக்கம் கெடந்துச்சு கோகிலா?" என்று கேட்டாள்.

"கரைப் பக்கம்" என்றாள் கோகிலா. பூங்காவனம் அங்கேயே நின்று மாலையை வரைந்தாள்.