சேலை போர்த்திய வளைவு

செபமாலை அண்ணை காலமான செய்தி வந்தபோது, மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலைய உணவுக்கூடத்தில், மட்ரிட் போகும் விமானத்துக்கான சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மனைவி மேரி அக்கா அழவில்லை. "தம்பி, அண்ணை காலமை எழும்பேல்லை. நெஞ்சு நிண்டிட்டுதாம்," என்றார். பிறகு, "அந்த ரிக்கெற்றை என்ன செய்யிறது?" என்று கேட்டார். அண்ணையும் நானும் அடுத்த மாதம் ஸ்பெயின் போக இருந்தோம். வருடக்கணக்காகச் சாட்டுச் சொல்லிக் கடைசியில் நான் எடுத்த ரிக்கெற். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. எழுத வேறு ஆளுமில்லை.

அண்ணை மன்னாரில் கட்டட வரைபடம் கீறும் உத்தியோகத்தில் இருந்தவர். இங்கே மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றாம் மாடி வாடகை வீடு, உணவுக்கூடத்தில் என் பக்கத்து மேசை. இரண்டாயிரத்து மூன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே நூலகத்துப் புத்தகமொன்றைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். பிரெஞ்சுப் புத்தகம். அவருக்குப் பிரெஞ்சில் "போன்ஜூர்", "மெர்சி" தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் படங்களை அங்குலம் அங்குலமாக வாசிப்பார். ஸ்பெயினின் கோர்டோபா நகரத்துப் பழைய பள்ளிவாசல். பின்னாளில் அதைத் தேவாலயமாக்கினார்கள். உள்ளே காடு போலத் தூண்கள், அவற்றின் மேலே சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் இரட்டை வளைவுகள்.

"இந்தத் தூணெல்லாம் வேறை வேறை இடத்திலை இடிஞ்ச கட்டடங்களிலை இருந்து வந்தது, தம்பி. உயரம் காணேல்லை. அதுக்குத்தான் வளைவுக்கு மேலை வளைவு வைச்சிருக்கிறாங்கள். குறையை மறைக்கேல்லை, வடிவாக்கிப்போட்டாங்கள்," என்பார்.

ஒருமுறை நகரத்து அருங்காட்சியகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். பழைய ஸ்பானிய ஓவியமொன்றின் முன்னால் ஒரு மணித்தியாலம் நின்றார். இருட்டுக்குள் ஒரு துறவியின் முகம், அவ்வளவுதான். பசிக்கிறது என்று நான் முணுமுணுத்தேன். "பொறு. இருட்டைத்தான் முதல் கீறியிருக்கிறான். முகம் பேந்துதான் வந்திருக்கு," என்றார். அன்றே அவர் படத்துக்கு மிகக் கிட்ட நின்றதை நான் கவனித்திருக்க வேண்டும்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அண்ணையின் கண்ணைத் தின்னத் தொடங்கியிருந்தது. பார்வை மெல்ல மெல்லப் போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இல்லை. மேரி அக்காவுக்கு முழங்கால் நோ, தூரம் நடக்க ஏலாது. அண்ணை ஒருவரிடமும் ஒன்றும் கேட்காத மனிதர், என்னிடம் கேட்டார். "கண் தெரியேக்கையே ஒருக்கா என்னைக் கோர்டோபாவுக்குக் கூட்டிக்கொண்டு போ."

வாற வசந்தம் போவம் என்றேன். அந்த வசந்தத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கினோம். அடுத்த வசந்தத்தில் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. மண்டபம், வீடியோ, கனடா முழுக்க இருந்து சொந்தக்காரர். மேடையைத் தான் செய்து தருவதாக அண்ணை சொன்னார். இரண்டு மாதம் எங்கள் பேஸ்மென்றில் றெஜிபோம் என்ற நுரைப்பலகையை வெட்டினார். பாதிக் கண் போன மனிதர், விரலால் தடவித் தடவி. சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவு. அப்படியொரு வடிவு அந்த மண்டபத்துக்கு அதற்கு முன் வந்திருக்காது.

விழா அன்று காலை என் பெரியம்மா மேடையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பள்ளிவாசல் மாதிரிக் கிடக்கு?" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. மனைவியின் இரண்டு பட்டுச்சேலைகளை எடுத்து, அடி முதல் நுனி வரை போர்த்திவிட்டேன். நானேதான் குண்டூசி குத்தினேன்.

அண்ணை கோட் சூட்டுடன் வந்தார். படம் எடுக்க மேடையேறியபோது வளைவைத் தேடிக் கை நீட்டினார். விரலில் பட்டுச்சேலை தட்டுப்பட்டது. கையை எடுத்துக் கோட் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது, காற்றுக்கு விழுந்துவிடுமென்று போர்த்தினதாகப் புளுகினேன். மண்டபத்துக்குள் ஏது காற்று? "ஓம், காத்துப் பொல்லாதது," என்றார். பிறகு, "போற அலுவலை மறந்திடாதை," என்றார்.

மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். மறந்திருந்தால் கூட மன்னிப்பு உண்டு. அவருடைய பார்வை முழுதாகப் போன பிறகுதான் வெட்கம் கெட்டுப்போய் மன்னிப்புக் கேட்டேன். "இப்பவும் வாறன். தூணைத் தொட்டுப் பாக்கலாம்தானே?" என்றார். அதற்குப் பிறகும் தாமதித்தவன் நான்.

நேற்று, அண்ணையின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு, எங்கள் பேஸ்மென்றில் கிடந்த அந்த வளைவைக் கொண்டுபோனேன். பெட்டியின் தலைமாட்டில் போர்வையில்லாமல் நிறுத்தினேன். சேர்ச்சில் இருந்து வந்த ஒருவர் குனிந்து, பள்ளிவாசல் மாதிரி இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம், பள்ளிவாசல்தான். பேந்து தேவாலயம். அண்ணை போக இருந்த இடம்," என்றேன். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பெட்டி மூடுமுன் அவருடைய கையைத் தூக்கி வளைவில் வைக்கப் பார்த்தேன். கை விறைத்துப்போயிருந்தது, வரவில்லை. அதனால் வளைவைத் தூக்கி அவருடைய விரலடிக்குக் கொண்டுபோனேன்.

சேலை இல்லை, அண்ணை. தொட்டுப் பாருங்கோ. போயிட்டு வாங்கோ.