‘செட்’டுக்கு நூற்று எண்பத்து நான்காவது பொருள்

என் தங்கையைப் பற்றி யாரைக் கேட்டாலும் வாயில்லாப் பூச்சி என்பார்கள். அகராதி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஒரு நாள்கூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு பெரிய மனிதரைத் தலை குனிய வைத்தாள். அதற்கு யோசனை சொன்னவள் நான். ஐயோ பாவம் என்று இன்றுவரை எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றியதில்லை. இனிமேலும் தோன்றாது.

எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான் படித்தாள். மூத்தவள் நான், தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிச் சுமந்ததோடு சரி. எனக்கு எழுத்து தெரியாது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் போனபிறகு என்னோடுதான் இருந்தாள்.

அவள் வேலை சீட்டு எழுதுவது. இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனை சீட்டு. உள்ளங்கை அளவு கெட்டி அட்டை. மேலே வார்த்தை, நடுவில் பொருள், அடியில் மூலம்: எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், யார் சொன்னது. மூலம் இல்லாத சீட்டைக் கிழித்துப் போடவேண்டும், அதுதான் அந்த அலுவலகத்துச் சட்டம்.

அவளிடம் ‘செட்’ என்ற வார்த்தை வந்து சேர்ந்தது.

“இதுல என்னடி இருக்கு? வளையல் செட், கம்மல் செட். மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டு வந்துடு” என்றேன்.

முடிக்க ஒன்பது வருடம் ஆனது. சிமெண்டு இறுகினால் செட். முறிந்த எலும்பை நேராக வைத்துக் கட்டினால் செட். சூரியன் இறங்குவதும் அதுதான், கடிகாரத்தில் மணி வைப்பதும் அதுதான். மோதிரத்தில் கல் பதிப்பது, மேசையில் தட்டு எடுத்து வைப்பது, நாடக மேடையில் அட்டையால் கட்டிய அரண்மனை, மண்ணுக்குள் ஏதோ ஒரு மிருகம் தோண்டிய வளை. சோறு பரிமாறிக்கொண்டே கேட்பேன்: “இன்னிக்கு எத்தனை பிடிச்சே?” மீன் பிடித்தவளைக் கேட்பதுபோல. “ரெண்டு, அக்கா” என்பாள். சில நாள் ஒன்றும் இருக்காது, முகம் தொங்கிப்போயிருக்கும்.

ஒரு நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள்.

“அக்கா, இது ஒரு வார்த்தை இல்ல, ரெண்டு! ஒண்ணு, பழைய இங்கிலீஷ்ல உட்கார வைக்கிறதுன்னு அர்த்தம். வைக்கிறது, பதிக்கிறது, இறுகுறது எல்லாம் அதோட புள்ளைங்க. இன்னொண்ணு லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா வந்திருக்கு. ஒருத்தர் பின்னால போற கூட்டம். நம்ம வளையல் செட் அந்த வீட்டுப் புள்ளை.”

“அப்போ ரெண்டு வேற வேற தாய்க்குப் பொறந்து ஒரே பேரு வச்சிக்கிட்டுத் திரியுதுங்களா?”

“அதேதான்! இதை நீ எழுதியிருக்கலாம் அக்கா.”

எனக்கே பெருமையாகிவிட்டது. அன்று கூடுதலாக ஒரு கரண்டி நெய் விட்டேன்.

அவளுக்கு மேலே ஒரு தலைமைப் பதிப்பாசிரியர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் ‘மேதை’ என்று கூப்பிடுவார்கள். ஒரு சீட்டு எழுதி யாரும் பார்த்ததில்லை. நூற்று எண்பத்து மூன்று பொருள் சேர்ந்தபிறகு, சரிபார்க்கவேண்டும் என்று சொல்லிப் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு எடுத்துப்போனார். ஏதோ வேலையாக அச்சகத்துக்குப் போன என் தங்கை, அங்கே மேசைமேல் ஒரு புத்தக அட்டையைப் பார்த்தாள். ‘செட்’ என்ற ஒரே வார்த்தைக்குத் தனிப் புத்தகம். அடியில் அவர் பெயர் மட்டும்.

நேரே போய்க் கேட்டிருக்கிறாள்.

“சார், இதுல என் பேரு?”

“முன்னுரையில ‘அலுவலக ஊழியர்கள்’னு நன்றி போட்டிருக்கேனேம்மா. நீயும் ஊழியர்தானே?”

“ஒன்பது வருஷம் சார்.”

“செங்கல் அடுக்கினவன் பேரை யாராவது வீட்டு வாசல்ல எழுதுவாங்களா? போம்மா. விட்டுப்போனது ஏதாவது இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வந்து குடு.”

இதுவரை ‘அவர்’ என்று சொல்லிவிட்டேன். இனி என்னால் முடியாது.

அவள் வீட்டுக்கு வந்து ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

“வெள்ளிக்கிழமை குடுக்கச் சொன்னான் இல்ல? குடு. ஒரு பொய்யை எழுதிக் குடு.”

“இதுவரைக்கும் ஒரு பொய்ச் சீட்டுகூட எழுதினதில்ல அக்கா.”

“அவன் திருடுவான், நீ மட்டும் அரிச்சந்திரனுக்குத் தங்கச்சியா இருக்கணுமா? இப்போதைக்கு எனக்குத் தங்கச்சியா இரு.”

“சரிபார்த்தா மாட்டிப்பேன்.”

“அவன் எங்கேடி பார்த்தான்? நீ எழுதினா அது சரியா இருக்கும்னு அவனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதானே திருடுறான்!”

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

“அவருக்கு யாருக்கும் தெரியாத அர்த்தம்னா நாக்கு ஊறும்” என்றாள்.

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை. பழைய துணியை மடித்து அடியில் வைத்திருப்பேன். அந்தத் துணிதான் நூற்று எண்பத்து நான்காவது பொருள் ஆனது: ‘ஆடும் மேசையின் காலுக்கு அடியில் மடித்து வைக்கும் துணி, தச்சர் வழக்கு.’ மூலத்துக்குப் புத்தகம் வேண்டுமே? என் பெயரைத் திருப்பிப் போட்டு ஒரு துரை பெயராக்கினாள். பக்க எண், எங்கள் கதவு எண். விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் ஒரு கடிதம் எழுதினாள்: இந்தப் பொருள் பொய், இப்படி ஒரு புத்தகம் உலகத்தில் இல்லை, இதை உண்டாக்கியவர்கள் நானும் என் அக்காவும். அதை உறையில் போட்டு ஒட்டி, பதிவுத் தபாலில் தன் விலாசத்துக்கே அனுப்பினாள். தபால்காரர் கொண்டுவந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டாள். சீட்டை வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐந்து மாதம் கழித்து அலுவலக மாடியில் வெளியீட்டு விழா. ஐம்பது நாற்காலி. நான் இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மற்றப் பொருள்களை எல்லாம் விட்டுவிட்டு மேசைக்கால் துணியைத்தான் அவன் முதலில் எடுத்தான்.

“இந்தப் பொருள் உலகத்துல எந்த அகராதியிலயும் இல்ல. ஒரே ஒரு பழைய நூல்ல கண்டுபிடிச்சேன்.”

என் தங்கை எழுந்தாள். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

“அந்தப் புத்தகத்தை நீங்களே பார்த்தீங்களா சார்?”

“இந்தக் கையால தொட்டிருக்கேன்மா. தோல் அட்டை. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சது. மூச்சு விட்டா உதிர்ந்துடும்போல இருந்துச்சு.”

கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன், நன்றாகவே தட்டினேன். தங்கை மேடைக்குப் போய், நிறுவனத்தை நடத்தும் அம்மாவிடம் உறையைக் கொடுத்தாள். அந்த அம்மா தபால் முத்திரையில் ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிரித்தார். ஒருமுறை தனக்குள் படித்தார். பிறகு ஒலிபெருக்கியில் படித்தார்.

“அந்தப் புத்தகத்தை எழுதினவங்க மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க” என்றாள் தங்கை. ஐம்பது தலை என் பக்கம் திரும்பியது. எழுதப் படிக்கத் தெரியாத நான் எழுந்து கும்பிட்டேன்.

அவன் தண்ணீர் டம்ளரைத் தேடினான். அது அவன் கண்முன்னால்தான் இருந்தது.

அதோடு முடிந்துவிடவில்லை. மறுநாள் அந்த அம்மா என் தங்கையையும் ஒரு பிடி பிடித்தார்.

“ஒண்ணு பொய்னா மீதி நூத்து எண்பத்து மூணை எப்படி நம்புறது?”

“ஒவ்வொண்ணா நிரூபிக்கிறேன்மா. ஆனா சீட்டை அவர்தான் எடுத்துப் படிக்கணும்.”

பதினொரு நாள் நடந்தது. அலுவலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் சீட்டை எடுத்துப் படிப்பான். இவள் போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைப்பாள். இரண்டு சீட்டில் பக்க எண் தவறு. அதை அவளே சொல்லித் திருத்தினாள். தினமும் சாயங்காலம் நான் கேட்பேன்: “இன்னிக்கு வேர்த்தானா?” “கைக்குட்டை ரெண்டு” என்பாள். எனக்கு அன்றைய சாப்பாடு இறங்கும்.

அச்சடித்த புத்தகங்களைக் கூழாக்கிவிட்டு, அவள் பெயரைப் போட்டுப் புதிதாக அச்சடித்தார்கள். அவள் பெயர் மட்டும்தான். அந்த எழுத்துகளை எனக்கு விரலால் காட்டிக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வேலை போகிற நிலைமையாம். ‘நடந்தது கவனப் பிசகுதான்’ என்று அவள் சொல்வதாக ஒரு கடிதம் அடித்துக் கொண்டுவந்திருந்தான். ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

அவள் நிதானமாகப் படித்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்தாள். மூன்று இடத்தில் எழுத்துப் பிழை, ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் திருத்தி அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“கையெழுத்து…” என்றான்.

“அவ்வளவுதான் சார்” என்றாள்.

வெயிலில் நான்கு மாடி ஏறி வந்தவன். உதடு காய்ந்திருந்தது. ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுக்கவேண்டும் என்று தங்கை எழுந்தாள். அவள் மனசு அப்படி. நான்தான் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன், அவன் கீழே இறங்கிப் போகும்வரை.